இரண்டாய்ப் போன காந்தம்

உடைந்த காந்தத்தை ஒட்டவைத்துப் பார்த்ததுண்டா நீங்கள்?

வேலாயுதம் பார்த்தார். காலையிலிருந்து அவருக்கு அதே வேலை.

கடலோரத்தில், கீற்றுக் கூரை போட்ட ஒரு பள்ளிக்கூடம். நடத்தியவள் குமுதவல்லி. இடுப்பில் எந்நேரமும் ஒரு கைக்குழந்தை. ஊர் அவளைக் குருவம்மா என்றுதான் கூப்பிடும்.

வேலாயுதத்துக்கோ தாடி நரைத்துவிட்டது. ஊர் ஊராகச் சுற்றி என்னென்னவோ படித்தவர். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் வரவில்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தான் அவளிடம் சீடராக வந்து சேர்ந்திருந்தார்.

"அம்மா, இது சேரமாட்டேங்குது" என்றார்.

அவள் அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"எது அண்ணாச்சி?"

"காந்தம். உடைஞ்ச வாய் ரெண்டும் அச்சாப் பொருந்துது. கையை எடுத்தா ஆளுக்கொரு பக்கம் ஓடுது."

"எப்படி உடைஞ்சுது?"

"அதை மட்டும் கேக்கமாட்டீங்கன்னு நெனச்சேன்."

தோசை மணம் கூரைவரை போனது. அவள் காத்திருந்தாள். குழந்தையும் அவரையே பார்த்தது.

வேலாயுதம் சொன்னார்.

பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் அது. உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை போட்ட கறுப்பு வளையம். பள்ளிக்கூடத்தில் இருந்ததே அது ஒன்றுதான். அதை மேசைமேல் வைத்து, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, காந்தம் எப்படி இழுக்கிறது என்று பாடம் நடத்தினார். பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.

இசக்கி என்ற சிறுமி தூங்கவில்லை. அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நேரம், காந்தத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டாள்.

அந்தக் கரையில் வெள்ளை மணலோடு கறுப்பு மணலும் கலந்து கிடக்கும். காந்தத்தை அதற்குள் விட்டுப் புரட்டினால் கறுப்பு மட்டும் எழுந்து வந்து அப்பிக்கொள்ளும்.

"திரும்பி வந்து நீட்டினா. 'சார், இதுக்கும் உங்கள மாதிரி தாடி மொளச்சிருக்கு'ன்னா. அத்தனை பிள்ளைகளும் சிரிச்சுது."

குருவம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. தோசைக்கல்லைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"வெடுக்குன்னு பிடுங்கினேன். கை தவறி ஆட்டுக்கல்லுல விழுந்துட்டு. அந்தக் கோபத்துல, உனக்கெல்லாம் எதுக்குட்டி படிப்புன்னு கேட்டுட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"போயிட்டா. பிறகு வரவே இல்ல. நாளையிலருந்து கருவாடு காயப்போட அனுப்பப் போறேங்கா அவ அம்மா."

கடல் ஒருதரம் மூச்சு விட்டது.

"நீங்க போய்க் கூப்பிடலையா?"

"கூப்பிட்டேன். வாசல்ல நின்னு, 'வந்து உன் இடத்துல உக்காரு, நடந்ததை நான் மறந்துட்டேன்'னு சொன்னேன். பின்வாசல் வழியா ஓடிட்டா."

குருவம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"காட்டுங்க பாப்போம்."

அவர் இரண்டு துண்டுகளையும் நீட்டினார். அவள் வாங்குவதற்குள் குழந்தை ஒன்றைப் பிடித்துக்கொண்டது. கெட்டியான பிடி.

வேலாயுதம் தன் கையிலிருந்த துண்டை அதனிடம் கொண்டுபோனார். முன்பு இருந்த மாதிரியே, உடைந்த வாயோடு உடைந்த வாயை வைத்தார். கண்ணுக்குத் தெரியாத யாரோ நடுவில் உட்கார்ந்து தள்ளுகிற மாதிரி இருந்தது. இன்னும் அழுத்தினார். துண்டு வழுக்கிக்கொண்டு விலகியது.

"பாத்தீங்களா? ஒண்ணா இருந்த காந்தம்தானே?"

"ம்."

"அம்மா, பிள்ளை கையில இருக்கறதைக் கொஞ்சம் புரட்டிப் பிடிக்கச் சொல்லுங்களேன்."

"அவன் விடமாட்டான். தூங்கினாத்தான் உண்டு."

"பிறகு என்ன செய்ய?"

"உங்க கையில ஒண்ணு இருக்குல்லா?"

குழந்தையை இறக்கிவிட்டு எழுந்து போய் அடுத்த தோசையை வார்க்கத் தொடங்கினாள். குழந்தை அவர் முன்னால் உட்கார்ந்து, துண்டை நீட்டிக்கொண்டே இருந்தது.

வேலாயுதம் தன் துண்டைப் பார்த்தார். மெல்ல அதை மேல்பக்கம் கீழாகப் புரட்டினார்.

டக்.

குழந்தையின் கையும் சேர்ந்து அவர் கைக்குள் வந்துவிட்டது. குழந்தை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தான் புரட்டிய துண்டையே பார்த்தார்.

"அண்ணாச்சி, சூடா ரெண்டு வைக்கட்டா?"

திரும்பிப் பார்த்தாள். குழந்தை கையில் ஒரு கரண்டி இருந்தது. காந்தம் இல்லை. அண்ணாச்சியும் இல்லை.

வெயில் சாய்ந்து கடல் மஞ்சள் பூசியிருந்தது. கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் இசக்கி, ஈர மணலில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அலை ஒதுக்கிய கறுப்பு மணல் கரை நெடுக வரிவரியாகக் கிடந்தது. யாரோ தலை உலர்த்திவிட்டு மறந்துபோன கூந்தல் போல.

அவர் வருவதைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நான் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டேன்."

"வர வேண்டாம்."

அவள் ஓடத்தான் பார்த்தாள். ஆனால் அவர் கிட்டே வரவில்லை. எதிரே, மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேட்டியெல்லாம் ஈரம். பாடம் கேட்க வந்த பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

இசக்கி நின்றுகொண்டே இருந்தாள். முதல் தடவையாக அவர் தலை அவள் தலைக்குக் கீழே இருந்தது.

மடியிலிருந்து காந்தத்தை எடுத்து, அவள் காலடியில் வைத்தார்.

"இதுக்கு எப்படித் தாடி மொளைக்குதுன்னு எனக்குச் சொல்லித் தாறியா, டீச்சர்?"