பானெட்டில் ஒட்டிய பரோட்டா மாவு

கோயமுத்தூர் மில் முதலாளி திருமலைராயனிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இன்ஜின் மேலிருக்கும் வால்வு கவரில் தன் பெயரைத் தடித்த பித்தளை எழுத்துகளால் பொருத்திக்கொண்டார். அன்றிலிருந்து பானெட் மூடவில்லை. காரணம் எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். அவரிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

கடைசியில் கார் லேத்துப் பட்டறை தெய்வாத்தாளிடம் வந்தது. பட்டறை இருந்ததோ முதலாளியின் இடத்தில்.

“கவரை அடியில இழைச்சு இறக்கு. மேல இருக்கற பேர்ல கை வைக்கக் கூடாது. நாளைக்குக் கார் கண்காட்சி. பானெட் மூடலைன்னா பட்டறையைக் காலி பண்ணு!” என்றார், கூட வந்த நண்பர்கள் கேட்கும்படி.

அடியில் இழைத்தால் உள்ளே வால்வு இடிக்கும். தெய்வாத்தாள் அதைச் சொல்லவில்லை.

“எங்க இடிக்குதுன்னு மொதல்ல பாத்துப்போடலாமுங்க.”

எதிர்க்கடையில் ஓர் உருண்டை பரோட்டா மாவு வாங்கி, தட்டி, பானெட்டின் உள்பக்கம் ஒட்டினாள். முதலாளியையே பானெட்டை இறக்கி அழுத்தச் சொன்னாள். திறந்து பார்த்தால், மாவில் ‘திருமலைராயன்’ என்று இடவலம் மாறிப் பதிந்திருந்தது. நண்பர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“நான் ஒண்ணும் சொல்லலீங்க முதலாளி. இடிக்கறது யாருன்னு மாவே எழுதிக் குடுத்துருச்சு” என்று ஸ்குரூ டிரைவரை நீட்டினாள்.

முதலாளி தன் பெயரைத் தானே ஒவ்வோர் எழுத்தாகக் கழற்றினார். பானெட் டக்கென்று மூடிக்கொண்டது.

போகும்போது அந்த மாவையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.