நாற்பத்தேழாம் கட்டு

ஆற்றங்கரை மடத்தின் பள்ளிக்கூடப் பதிவேடுகள் நூறு வருடமாகப் பதிவறையில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஆவுடையப்பன் பதினோரு வருடமாக அவற்றைக் கவனித்து வந்தான். போன மாதம் மங்கையர்க்கரசி வந்து சேர்ந்தாள். பதிவேடுகளைப் பராமரிக்கும் படிப்பில் பட்டம் வாங்கியவள். இருவரில் ஒருவரிடம் பதிவறையை ஒப்படைக்கப் போவதாகக் குருநாதர் சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

அரசி எல்லாக் கட்டுகளுக்கும் பட்டியல் போட்டாள். குருநாதர் அதைப் புரட்டிப் பார்த்து, "நல்லா இருக்கும்மா" என்றார். பதினோரு வருடத்தில் தன்னிடம் அவர் அப்படிச் சொன்ன ஒரு நாளை ஆவுடையப்பன் மனதுக்குள் தேடிப் பார்த்தான். அகப்படவில்லை.

அவள் பேனாவை மூடி வைக்கும் விதம்கூட அவனுக்கு உறுத்தியது. "அண்ணாச்சி" என்று அவள் கூப்பிட்டது அதைவிட உறுத்தியது.

ஒரு பிற்பகலில் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டான்.

"சாமி, பழைய காகிதத்தைப் பத்திரமா வைக்கிறதுக்கு ஒரு காலேஜ் பட்டம் வேணுமா?"

குருநாதர் விசிறுவதை நிறுத்தவில்லை.

"நாளைக்குத் தென்காசியிலிருந்து ஒருத்தர் வாரார். அவங்க அப்பா இங்கே படிச்சதுக்கு அத்தாட்சி வேணுமாம். நாற்பத்தேழாம் கட்டுல இருக்கும். அரசி எடுத்துக் கொடுக்கட்டும்."

"நான் எடுத்துத் தாரேனே சாமி."

"அவ எடுக்கட்டும்."

பொழுது சாய்வதற்குள் ஆவுடையப்பன் பதிவறைக்குப் போனான். நாற்பத்தேழாம் கட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். நாளைக்கு அரசி குருநாதர் முன்னால் வெறுங்கையோடு நிற்பாள். அந்தப் பட்டமே வந்து பதில் சொல்லட்டும்.

மறுநாள் காலையில் தென்காசிக்காரர் வந்து உட்கார்ந்தார். அரசி பதிவறைக்குள் போனாள். ஆவுடையப்பன் ஒன்றும் அறியாதவன்போல் குருநாதர் பக்கத்தில் நின்றுகொண்டான்.

அரசி திரும்பி வந்தாள். கையில் கட்டு இல்லை. அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"அண்ணாச்சி, உங்க பெட்டிச் சாவியைக் கொடுங்க."

"எதுக்கு?"

"கட்டு அதுலதானே இருக்கு? சீட்டுல எழுதி வச்சிருக்கீங்களே."

சீட்டை நீட்டினாள். ஒரு கட்டை எடுத்தால், எடுத்தவர் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் சீட்டில் எழுதி, காலி இடத்தில் வைப்பது பதிவறை வழக்கம். ஆவுடையப்பன் ஒருமுறைகூட அதில் தவறியதில்லை. நேற்றும் தவறவில்லை.

'கட்டு 47. எடுத்தது: ஆவுடையப்பன். இருக்குமிடம்: என் டிரங்குப் பெட்டி.'

சாவியைக் கொடுத்தான். கட்டு வந்தது. தென்காசிக்காரர் தன் தகப்பனார் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நகல் வாங்கிக்கொண்டு போனார்.

குருநாதர் அரசியிடம் கேட்டார்.

"சீட்டு வைக்கிறதை உனக்குக் காலேஜில சொல்லித் தந்தாங்களா?"

"ஆமா சாமி. பத்து மார்க் கேள்வி. முழுசா வாங்கினேன்." அவள் குரல் தணிந்தது. "இங்கே வந்து ரெண்டு தடவை மறந்துட்டேன். என் பேரைப் போட்டு அண்ணாச்சிதான் வச்சாங்க."

குருநாதர் ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார்.

"கட்டை எதுக்கு எடுத்த?"

"இவ தோத்து நிக்கணும்னு, சாமி."

"சீட்டை எதுக்கு வச்ச?"

"தெரியலை சாமி. அந்த இடம் காலியாக் கிடந்தது. கை தன்னால எழுதிடுச்சு."

குருநாதர் அவனுடைய வலது கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பதிவறையை இந்தக் கையிடம்தான் ஒப்படைக்கணும், ஆவுடை. உன்னை விட்டுட்டு இதுக்கு மட்டும் எப்படிக் கொடுக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியலை."