சோதனையில் தாங்கிய கேபிள்

தேவசகாயம் சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்குள் வந்தார். அவர் சட்டையில் இன்னும் கருகல் வாடை இருந்தது.

அவர் நகரத்தின் நிலத்தடி மின்கேபிள்களைச் சோதிக்கும் பொறியாளர். தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்தவர். வழிகாட்டி நாச்சியார் அவரைவிட நிறைய இளையவர். ஆனாலும் அவர் உட்காரச் சொல்லும்வரை தேவசகாயம் நின்றுகொண்டுதான் இருப்பார்.

"உட்காருங்க சார். பூபதி எப்படி இருக்கார்?"

"முகம் பூராவும் கட்டு, மேடம். கண்ணைப் பத்திக் கேட்டா டாக்டர் வாயே திறக்க மாட்டேங்கறார்."

பூபதி கேபிளுக்கு இணைப்புப் போடுபவர். முந்தின நாள் சோதனை முடிந்ததும், "தாங்கிடுச்சு, மூடலாம்" என்று சொன்னவர் தேவசகாயம்தான். மின்சாரம் விட்டார்கள். பூபதி குழியோரம் நின்று மண் தள்ளிக்கொண்டிருந்தபோது கேபிள் வெடித்தது.

"நான் எங்க தப்பு பண்ணேன்? அதை மட்டும் சொல்லுங்க மேடம்."

நாச்சியார் சாக்குப்பையை அவிழ்த்தார். சாக்கிலிருந்து வெடித்த கேபிளின் துண்டை எடுத்தார். உறையை வாழைக்காய் சீவுவதுபோல மெல்லிசாகச் சீவினார். சீவலை நீலச் சாயத்தில் போட்டு அடுப்பில் வேகவைத்தார்.

தேவசகாயத்தால் சும்மா இருக்க முடியவில்லை.

"விதிப்படிதான் பண்ணேன். வழக்கமா ஓடற மின்னழுத்தத்தைவிடப் பல மடங்கு கொடுத்தேன். மீட்டர் முள்ளு ஆடவே இல்ல."

"எந்தக் கேபிளுக்கு எழுதின விதி?"

"காகிதம் சுத்தின பழைய கேபிளுக்கு."

"இது?"

"பிளாஸ்டிக்." சீவலைப் பார்த்தபடி, "விதியை மாத்தச் சொல்லி நீங்கதான் வாரியத்துக்கு எழுதினீங்களே" என்றார்.

"எழுதினேன். கூப்பிட்டு காபி கொடுத்தாங்க. 'இந்தச் சோதனையில எல்லாக் கேபிளும் தாங்குதே, அப்புறம் எதுக்கும்மா மாத்தணும்?'னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கத்தினேன். அதுக்கும் சிரிச்சாங்க."

சீவல் வெந்ததும் எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தார். "பாருங்க."

"நீலமா ஒரு மரம் மாதிரி இருக்கு. தண்ணி ஊறி ஊறி வளர்ந்தது. பல வருஷத்து வேலை."

"அதோட நுனியில?"

"கருப்பா ஒரு கிளை. மின்சாரம் எரிச்ச தடம்."

"அது எந்த வருஷத்தது?"

தேவசகாயம் வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க சார். ஈரமா இருந்தா தெரியாது."

அவர் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"நேத்து வந்தது. என் சோதனையில முளைச்சிருக்கு. மின்சாரம் விட்டதும் உறையில மீதி தூரமும் ஓடி வெடிச்சிருக்கு."

"நீங்க கேபிள்கிட்ட என்ன கேட்டீங்க?"

"தாங்குவியான்னு."

"அது பொய் சொல்லலையே."

தேவசகாயம் உருப்பெருக்கியின் விளக்கை அணைத்தார். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார்.

"நாளைக்கு அதே பள்ளத்துல இருக்கற பக்கத்துக் கேபிளைச் சோதிக்கச் சொல்லி உத்தரவு, மேடம். அதுவும் இதோட சேர்ந்து போட்டதுதான். குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குப் போற லைன்."

"கேபிளுக்குள்ள வர்ற சத்தத்தைக் கேக்கற நம்ம கருவியை அதுல வெச்சுப் பார்த்தோமே. அது கேபிளை ஒண்ணும் பண்ணாது. என்ன கேட்டுச்சு?"

"எண்ணெயில கடுகு பொரியற மாதிரி. உறைக்குள்ள மின்சாரம் விடாம பொரியுது."

"மேலதிகாரிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'சத்தம் கேக்குதுன்னு எவனாவது கேபிளை மாத்துவானாய்யா? சோதனையில தாங்காம விழட்டும், மறுநாளே புதுசு போட்டுத் தர்றேன்'னார்."

"விழுமா?"

"நேத்து இதுவே விழல." திடீரென்று அவர் குரல் உயர்ந்தது. "அழுத்தத்தை ஏத்தி ஓங்கி அடிச்சு விழ வெச்சுடவா மேடம்? அங்கேயே செத்துத் தொலையட்டும். மாத்திடுவாங்கல்ல?"

"எவ்வளவு ஓங்கி அடிப்பீங்க?"

அவர் யோசித்தார்.

"விதியில இருக்கற அளவைத் தாண்டினா சோதனை வண்டியில இருக்கற மெஷின் தானா நின்னுடும்."

வெளியே மாணவிகள் யாரோ எதற்கோ சிரித்துக்கொண்டு போனார்கள்.

"அப்ப நான் சோதிக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்துடறேன்."

"கொடுங்க."

"கொடுத்தா என்ன ஆகும்?"

"வேற ஒருத்தர் வண்டியை எடுத்துட்டு வருவார்."

"அவர் சோதிச்சா?"

"தாங்கும், சார்."

"அப்புறம்?"

நாச்சியார் அடுப்பை அணைத்தார்.

"அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் விடுவாங்க."