கைத்தடிக் கிளி ஏன் வாய் திறப்பதில்லை

மரத்தைச் செதுக்கி அதற்கு நாக்கும் வைத்துவிட்டால் அது பேசிவிடும் என்றிருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் ஒச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். வலது முழங்காலில் தீராத நோவு. காட்டுக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த மகளுக்கு இடுப்புவலி கண்டுவிட்டதென்று மத்தியானம் சேதி வந்தது. தலைப்பிரசவம். மாமியார் இல்லாத வீடு. ஒச்சாயி போயே ஆகவேண்டும். கூட வரத்தான் ஆளில்லை.

மரவேலை செய்யும் சுருளியாண்டி அவளுக்காகக் கிளித்தலைப் பிடியோடு ஒரு கைத்தடி செய்து வைத்திருந்தார்.

"அண்ணே, தனியாப் போகப் பயமா இருக்கு. பேச்சுத்துணைக்கு இதுக்கொரு நாக்கு வெச்சுக் குடுங்க."

"வேண்டாம் தாயி. யார்கிட்ட எதைப் பேசணும்னு இதுக்குத் தெரியாது."

கேட்டாளா? நச்சரித்து நாக்கை வைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள்.

பாதி வழிவரை நல்ல துணைதான். கிளி ஓயாமல் பேசியது. ஆளுயரப் புல் வந்ததும் உள்ளேயிருந்து ஒரு சிறுத்தை கேட்டது: "யாரது?"

ஒச்சாயி சட்டென்று நின்றாள். கிளியோ கணீரென்று, "ஒச்சாயி! தனியாள். முழங்கால் நோவு. ஓட முடியாது!" என்றது.

"அடப்பாவி, வாயை மூடு!"

"கேட்டாச் சொல்லத்தானேக்கா நாக்கு வெச்சீங்க?"

புல் அசைந்தது. "எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள்?"

கிளி மறுபடி அலகைத் திறந்தது. ஒச்சாயி சுருக்குப்பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து, அந்த நாக்கை நறுக்கிவிட்டாள். "யக்கா" என்றதோடு அது அடங்கிப்போனது.

"யாரது?" சிறுத்தை மறுபடி கேட்டது.

ஒச்சாயிக்கு நிற்கவும் பயம், நடக்கவும் பயம். மகளை நினைத்து நடந்தாள். இரண்டு காலடி, பிறகு தடி பாறையில் 'டொக்'. இரண்டு காலடி, 'டொக்'. மூன்று காலில் நடக்கிற உயிரைச் சிறுத்தை கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. ஒச்சாயியை அதுதான் விழுங்கிவிட்டதோ என்று நினைத்தது. கேள்விக்குப் பதில்கூடச் சொல்லாமல் அந்த உயிர் நெருங்கி வந்துகொண்டேயிருந்தது! சிறுத்தைக்கே பயம் பிடித்து, மேட்டுப்பக்கம் ஓடியே போனது.

பொழுது சாயும் முன் ஒச்சாயி மகள் வீடு சேர்ந்தாள். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். வழியில் என்ன நடந்ததென்று எல்லோரும் கேட்டார்கள். அவள் கிளியின் வாயைத் தடவித் தடவி அழுதாள்.

கைத்தடிக் கிளிக்கு அலகைத் திறந்து யாரும் செதுக்காததும், காட்டுவழியில் தனியாகப் போகிறவர்கள் பேச்சில்லாமல் தடியை ஓங்கி ஊன்றி நடப்பதும் அன்று முதல்தான்.