ஏழாம் எண் அறையின் தண்ணீர்

விடை தெரிந்துவிட்டதென்று பாதியில் வாயைத் திறக்காதீர்கள். உயிர் போன கதை இது.

நாடு முழுவதும் நுரையீரல் காய்ச்சலில் இறந்தவர்களின் பட்டியல் டாக்டர் இசக்கியம்மாளின் மேசைக்கு வரும். காய்ச்சலுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் அவர்கள் எங்கே தங்கினார்கள், எங்கே குளித்தார்கள் என்று விசாரிப்பது அவர் வேலை. அப்படித்தான், வெவ்வேறு மாவட்டங்களில் இறந்த இருவர் ஒரே மலையூர் விடுதியின் ஏழாம் எண் அறையில் தங்கியிருந்தது தெரிந்தது. ஊரார் அதற்குள் பேய் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே! டாக்டர் சந்தேகப்பட்டது தண்ணீரை. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் பெருகி, ஷவரின் சாரலோடு மூச்சில் ஏறும் கிருமி ஒன்று உண்டு.

விடுதி மேலாளர் லூர்துசாமி பயந்துபோய் அறையைப் பூட்டினார். நாற்பது நாள் அங்கே ஒரு குழாய்கூடத் திறக்கப்படவில்லை. பிறகு டாக்டர் அனுப்பி, சோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனவர் சந்தனராஜ், குடிநீர்ச் சோதனையில் பழம் தின்று கொட்டை போட்டவர். வழக்கம்போல் இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, அப்புறம்தான் பாட்டிலை நீட்டினார். அதை ஒளிக்காமல் பாட்டிலோடு போகும் சீட்டிலும் எழுதினார். பத்து நாள் கழித்து, கிருமி இல்லை என்று முடிவு வந்தது.

"டாக்டரம்மா, சீசன் நேரம். நீங்க ஒரு கையெழுத்து போட்டா ஊரு வாய அடைச்சிருவேன்," என்று லூர்துசாமி போனில் கெஞ்சினார்.

இசக்கியம்மாள் சீட்டைப் படித்தார். 'இரண்டு நிமிடம்' என்பது உறுத்தியது. மறுபடி எடுக்கச் சொன்னால் இன்னும் பத்து நாள் ஆகும். கையெழுத்துப் போட்டார்.

அறை திறந்ததும் முதலில் வந்தவர்கள் புதுமணத் தம்பதி. மூன்றாம் வாரம் மாப்பிள்ளையின் பெயர் பட்டியலில் வந்தது. வழக்கமான கேள்விகளை இசக்கியம்மாளே அவர் மனைவியிடம் கேட்டார்.

"வந்து எறங்குனதும் ஷவரத் தெறந்தாரு மேடம். நான் எட்டிப் பாத்தா ஒரே ஆவி, அவரு மொகமே தெரியல. உள்ளேருந்து சிரிச்சாரு."

அன்றிலிருந்து டாக்டரால் ஷவரைத் திறக்க முடியவில்லை. தண்ணீர் விழும் சத்தத்துக்குள் யாரோ சிரிப்பது கேட்கிறது. பேயை நம்பாத அவருக்குப் பயமாக இருக்கிறது.

சொல்லுங்கள்: பூட்டியவர், ஓடவிட்டவர், கையெழுத்துப் போட்டவர், இம்மூவரில் அந்தச் சாவு யாரைச் சேரும்?

விடை: பூட்டியதால் தண்ணீர் இன்னும் தேங்கி, கிருமி பெருகியது; ஆனால் லூர்துசாமிக்குத் தெரிந்தது பேய் மட்டுமே. குடிநீருக்கு ஓடவிட்டு எடுப்பதே முறை. இந்தக் கிருமிக்கு, குழாயில் தேங்கிய முதல் தண்ணீரைப் பிடிக்க வேண்டுமென்று சந்தனராஜுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவரும், உறுத்தலை விழுங்கியவரும் ஒருவரே. இசக்கியம்மாளும் அதே விடைக்குத்தான் வந்தார். அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, தன் தவற்றை ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு அவள் கேட்டாள்:

"அப்ப, அவரு செத்தது என் ராசியால இல்லையா மேடம்?"