சுவிட்சு மேல் காய்ந்த பொட்டு

ஒச்சப்பனைப் பிள்ளைகள் முன்னால் வைத்து 'கைநாட்டு' என்று ஏசியவர் தலைமையாசிரியர் சண்முகவடிவேல். பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் ஒச்சப்பன் அதை மறக்கவில்லை.

ஒருநாள் கல்வி அதிகாரியம்மா வகுப்பைப் பார்க்க வந்தார்.

"ஸ்மார்ட் போர்டுல தினமும் பாடம் நடக்குதுங்க மேடம்" என்றார் சண்முகவடிவேல். போட்டுக் காட்டச் சொன்னதும், எங்கே அமுக்குவது என்று தெரியாமல் திரையெல்லாம் தட்டினார். பலகை இருண்டே கிடந்தது.

"நேத்துவரை நல்லா ஓடுச்சு மேடம். இந்தக் கைநாட்டுதான் துடைக்கிறேன்னு கெடுத்துட்டான். யோவ், மேடம் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

ஒச்சப்பன் பலகையின் ஓரத்தைக் காட்டினார். "அம்மா, மாட்ட வந்தவங்க காட்டுன சுவிட்சு இதுதான். போன ஆயுதபூசைக்கு சார் வைக்கச் சொன்ன சந்தனப் பொட்டு அது மேல காய்ஞ்சு கெடக்கு, ஒரு கீறல் இல்ல. பொட்டு கலையாம தினமும் எப்படி அமுக்குனாருன்னு அவர்கிட்டயே கேளுங்க. பிள்ளைங்க இதுவரைக்கும் பலகைய மூடி வச்ச துணி உறையத்தான் பார்த்திருக்குதுங்க."

சொல்லிவிட்டுக் கட்டைவிரலால் அமுக்கினார். பொட்டு உதிர்ந்தது; பலகை பளிச்சென்று எரிந்தது. அதிகாரியம்மா டீயைக் கீழே வைத்துவிட்டு சண்முகவடிவேலைப் பார்த்தார்.

இப்போது தினமும் அதில் பாடம் நடக்கிறது. பிள்ளைகள் முன்னால் சொன்ன சொல்லைப் பிள்ளைகள் முன்னாலேயே திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் சண்முகவடிவேலுக்கு இன்னும் வாய் வரவில்லை. ஒச்சப்பன் காலையில் பலகையைத் துடைத்துவிட்டு, அவர் வரும்வரை வகுப்பிலேயே நிற்கிறார்.