கையெழுத்துப் போட்ட பாட்டில்

மலைமேல் இருக்கும் தலைகுந்தாவில் தை பிறந்தால் மேகமே இறங்கி வந்து புல்லில் படுத்துக்கொள்ளும். அப்படி உறைந்த ஒரு விடியலில், கேரட் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் மாதியின் வீட்டுக் குழாய், உள்ளே தண்ணீர் உறைந்து வெடித்து, சுவர் ஊறிச் சரிந்தது. வீட்டுக் கடனோடு வந்த இன்சூரன்ஸை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை. சேதம் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து சர்வேயர் தெய்வசிகாமணி வந்தார், பனியெல்லாம் உருகிப்போன நண்பகலில்.

“பனி போய்க் குழாயை உடைக்குமா? குழாய் பழசும்மா. உடைச்ச பனியைக் கண்ணுல காட்டு, எழுதுறேன்.”

“காட்டுறேன் சார். உங்க கையில இருக்கிற கண்ணாடி பாட்டில்ல தண்ணியை நிறைச்சு, நீங்களே சீல் வச்சு, குழாய்கிட்ட வச்சுட்டுப் போங்க. காலையில வெயிலுக்கு முன்னால வாங்க.”

சர்வேயர் சிரித்துக்கொண்டே மூடிமேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்தும் போட்டார். அவர் மகள் போன வாரம்தான் வாங்கித் தந்த புது பாட்டில் அது.

காலையில் ஊர் வெள்ளைப் போர்வைக்குள் கனவு கலையாமல் கிடந்தது. கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே, பாட்டில் வடிவிலேயே பனிக்கட்டி நின்றது. தலையில் மூடி, மூடிமேல் கையெழுத்து.

“யார் உடைச்சது?” என்றார் சர்வேயர்.

“யாரும் தொடலை சார், சீல் அப்படியே இருக்கே.” மாதி ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். “பாட்டில் ரொம்பப் பழசா சார்?”

சர்வேயர் பேனாவைத் திறந்தார்.